பாதியில் இறங்கும் நீராவி

மலர்க் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் சமண நூல் ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் கட்டுரை கேட்பார்கள். இந்த முறை ஒரு மாறுதலுக்கு, அனல் மின் நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் இஞ்சினியர் அல்லன். மின் நிலையங்களுக்குக் கேஸ்கெட், பேக்கிங் விற்றுப் பிழைத்தவன். விற்கிற சாமான் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் வாங்கிப் படித்தேன், விஷயம் தெரிந்தவர்களைத் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

நாகபுரிக்காரர்களாகிய நம்மில் பலர் கோராடி ஜகதம்பா கோயிலுக்குப் போயிருப்போம். அந்தப் பக்கம் தெரியும் பெரிய கூலிங் டவர்களின் உச்சியிலிருந்து வெண்மேகம் போலக் கிளம்புவதைக் குழந்தைகளுக்குப் புகை என்று காட்டுகிறோம். அது புகை அல்ல, ஆவி. எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி அந்த வழியாகத்தான் ஆகாயத்துக்குப் போகிறது. இவ்வளவு பெரிய நட்டத்தை எந்த முதலாளி சகிப்பான்? அதைக் குறைக்கக் கண்டுபிடித்த ஓர் உபாயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

பாய்லரில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. வேலை முடித்துக் களைத்து வெளியே வரும் ஆவியைக் கண்டென்சரில் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கி, பம்பு வைத்துப் பாய்லருக்கே அனுப்புகிறார்கள். நட்டம் நேருவது கண்டென்சரில்தான். இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால், கொதிநீர் பட்டதைவிட அதிகமாகச் சுடுகிறதல்லவா? ஒரு கிலோ தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கிலோ கலோரி போதும். அதையே ஆவியாக்க மேலும் 540 வேண்டும். இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். ஆவி தண்ணீராகும்போது அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும். கண்டென்சரில் அதை வாங்கிக்கொள்வது குளிர்நீர். அந்த நீர்தான் கூலிங் டவருக்குப் போகிறது.

'ஏன் சார் தண்ணீராக்கணும், ஆவியாகவே பாய்லருக்குள் தள்ளிவிடலாமே?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கண்டென்சரின் குறைந்த அழுத்தத்தில் ஒரு கிலோ ஆவி சுமார் 15 கன மீட்டர் இடத்தை அடைக்கும், ஒரு சின்ன அறையளவு. அதை அமுக்கிப் பாய்லருக்குள் செலுத்த, டர்பைன் தந்த வேலை முழுவதையும் கொடுத்தாலும் பற்றாது. தண்ணீரானால் ஒரே லிட்டர், பம்புக்குச் சுலபம்.

சரி, உபாயத்துக்கு வருவோம். டர்பைனுக்குள் பாதி வழி வந்த ஆவியில் ஒரு பங்கைக் குழாய் வைத்து வெளியே எடுத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கப் பயன்படுத்துவது. இதற்கு எக்ஸ்ட்ராக்‌ஷன் என்று பெயர். கேட்டவுடன் கணக்கு உதைக்கிறதே! இன்னும் வேலை செய்யத் தெம்புள்ள கூலியாளைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்புவது லாபமா?

பேரேட்டைத் திறந்து பார்ப்போம். இலக்கங்களை முழுமையாக்கி, ஆவியை நடுவில் மறுபடி சூடாக்கும் ரீஹீட் சமாசாரத்தையும் விட்டுவிடுகிறேன். 150 அட்மாஸ்பியர் அழுத்தம், 535 டிகிரி சூட்டில் ஒரு கிலோ ஆவியிடம் 815 கிலோ கலோரி இருக்கிறது. அது டர்பைனில் 277ஐ வேலையாகக் கொடுத்துவிட்டுக் கண்டென்சரில் 46 டிகிரித் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீரிடம் மிச்சம் 46. ஆகவே பாய்லர் போடவேண்டிய முதல் 769, வரவு 277, கண்டென்சரில் போனது 492. நூற்றுக்கு 36 தேறுகிறது.

இப்போது 10 அட்மாஸ்பியருக்கு இறங்கிய இடத்தில் 216 கிராம் ஆவியை எடுத்து, கண்டென்சரிலிருந்து வரும் 784 கிராம் தண்ணீரோடு கலக்கிறோம். இரண்டும் சேர்ந்து 180 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீராகிவிடும். பாய்லர் இனி 633 போட்டால் போதும். வேலை 277லிருந்து 247 ஆகக் குறைகிறது. வரவில் 30 குறைந்தது, செலவில் 136 குறைந்தது! நூற்றுக்கு 39 தேறுகிறது. கண்டென்சரில் போவது 386தான். பாதியில் இறங்கிய அந்த 216 கிராம் தன் உள்ளுறை வெப்பத்தைக் கண்டென்சரில் தொலைக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. குறைந்த வேலையை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதல் ஆவி அனுப்பினால் ஆயிற்று.

வீணாகும் வெப்பத்தைப் பிடித்து அதே இயந்திரத்துக்குத் திருப்பித் தரும் யோசனை பழையது. ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816இலேயே, காற்றால் ஓடும் எஞ்சினுக்கு அப்படி ஒரு பேடண்ட் வாங்கியிருக்கிறார்.

எந்த இடத்தில் ஆவியை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். டர்பைனுக்குள் நுழையுமுன்பே எடுத்தால் அது ஒரு வேலையும் செய்திராது, லாபமில்லை. கடைசியில் எடுத்தால் தண்ணீரும் அதுவும் ஒரே சூடு, பிரயோசனமில்லை. ஆகவே பல கட்டங்களாக எடுக்கிறார்கள். தண்ணீர் இளஞ்சூட்டில் இருக்கும்போது பெரும்பாலும் வேலை முடித்த மலிவான ஆவி. சூடு ஏற ஏற, விலை கூடிய ஆவி. கைமாற்றுக்கு எந்தப் பணத்தை எடுப்பது என்று வியாபாரி யோசிப்பதைப் போலத்தான். நம் நாட்டின் 500 மெகாவாட் யூனிட்டுகளில் வழக்கமாக ஆறு கட்டங்கள். 660 மெகாவாட் யூனிட்டுகளில் எட்டு வரை உண்டு, தண்ணீர் ஏறக்குறைய 290 டிகிரியில் பாய்லருக்குப் போகிறது. அதற்கு மேல் கட்டத்தைக் கூட்டினால் கிடைக்கும் ஆதாயம், குழாய்ச் செலவுக்குக் கட்டாது.

நடைமுறையில் எல்லா ஹீட்டரிலும் கலப்பதில்லை. டீஏரேட்டர் ஒன்றில்தான் ஆவியும் தண்ணீரும் நேரடியாகக் கலக்கும். அங்கேயே தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் வெளியேறிவிடும், குழாய் அரிக்காது. மற்றவற்றில் தண்ணீர் குழாய்களுக்குள் ஓடும், ஆவி வெளியே சூழ்ந்திருக்கும்.

ஆபத்தும் இங்கேதான். பாய்லர் பம்புக்குப் பிறகு வரும் ஹீட்டர்களில் குழாய்க்குள் அழுத்தம் மிக அதிகம். ஒரு குழாய் ஓட்டையானால் தண்ணீர் பீறிட்டு ஹீட்டரை நிரப்பி, ஆவி வந்த வழியே நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும் டர்பைனுக்குள் ஏறிவிடும். பிளேடுகள் தாங்காது. அதற்காகவே எதிர்த்திசையில் விடாத வால்வுகளும், தண்ணீர் மட்டம் ஏறினால் ஹீட்டரைத் தானாகவே துண்டித்துவிடும் ஏற்பாடும் இருக்கின்றன.

துண்டித்த பிறகு நடப்பதுதான் வேடிக்கை. மெகாவாட் குறைவதில்லை, பாய்லர் ஆவியை அதே அளவில் விட்டால் கூடவே செய்யும்! எடுக்கப்படாத ஆவி கடைசிவரை போய் வேலை செய்கிறதே. நம் பேரேட்டைத் திருப்பிப் படியுங்கள்: வரவு 30 கூடும், செலவு 136 கூடும். நிஜத்தில் ஓரிரு ஹீட்டர் மட்டுமே நிற்பதால் இவ்வளவு வித்தியாசம் வராது, ஆனால் திசை அதுதான். மீட்டரில் மெகாவாட் மட்டும் பார்ப்பவருக்கு ஹீட்டர் நின்றது ஒரு குறையாகவே தெரியாது. நகரத்திலும் ஒரு விளக்குகூட மங்காது. நிலக்கரிக் கணக்கில் மட்டும் நாள்தோறும் பற்று ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பற்று பிறகு நம் மின்கட்டணத்துக்கே வந்து சேரும்.

ஓட்டைக் குழாயை மாற்றுவது சுலபமில்லை. ஹீட்டரைத் திறந்து அந்த ஒரு குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட்டு மூடுவார்கள். அடைத்த குழாய்கள் பெருகப் பெருகச் சூடேற்றும் பரப்பு குறையும், கடைசியில் குழாய்க் கட்டு முழுவதையும் மாற்றவேண்டும். ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஒரு புதுக் கேஸ்கெட் செலவாகும். அந்த வகையில், ஹீட்டர் ஓட்டையால் லாபமடைந்தவன் நான் ஒருவன்தான்.