கூலிக் கணக்கை நாமே சரிபார்ப்போம்

புத்தலப்பட்டு, சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர். அந்த வட்டாரத்தில் மாந்தோப்புகள் அதிகம். காய் பறிக்கும் காலத்தில் பலருக்குத் தோப்பில் வேலை கிடைக்கும்.

ஓர் அக்கா 7 நாள் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி 420 ரூபாய். மேஸ்திரி கொடுத்த சீட்டில் 2,840 ரூபாய் என்று இருக்கிறது. இது சரியா? கூட்டல், பெருக்கலின் குணங்கள் தெரிந்தால் நாமே கண்டுபிடிக்கலாம்.

இடம் மாற்றலாம்

காலையில் 8 பெட்டி, மாலையில் 5 பெட்டி பறித்தோம். 8 + 5 = 13. மாற்றிப் போட்டாலும் 5 + 8 = 13.

பெட்டிகளை 6 வரிசையாக, வரிசைக்கு 4 வீதம் வையுங்கள். மொத்தம் 24. பக்கவாட்டில் நின்று பாருங்கள். 4 வரிசை, வரிசைக்கு 6. அப்போதும் 24 தான்.

கழித்தலில் இப்படி மாற்றக் கூடாது. 500 ரூபாயில் 200 செலவானால் 300 மிஞ்சும். 200 ரூபாயில் 500 செலவானால் கடன்தான் மிஞ்சும்!

எதை முதலில் சேர்த்தாலும் சரி

17 + 38 + 12 எவ்வளவு? முதலில் 38 + 12 = 50. அதோடு 17 கூட்டினால் 67.

7 × 4 × 25 எவ்வளவு? முதலில் 4 × 25 = 100. அதை 7 ஆல் பெருக்கினால் 700.

பூஜ்யமும் ஒன்றும்

எந்த எண்ணோடும் 0 கூட்டினால் எண் மாறாது. 1 ஆல் பெருக்கினாலும் மாறாது. 0 ஆல் பெருக்கினால் விடை 0 தான். பூஜ்யத்துக்கான விதிகளை நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே எழுதி வைத்தார்.

பிரித்துப் பெருக்கலாம்

இப்போது அக்காவின் சீட்டைப் பார்ப்போம். 420 என்பது 400 + 20.

7 × 400 = 2,800
7 × 20 = 140
மொத்தம் 2,940

சீட்டில் 100 ரூபாய் குறைகிறது! "மேஸ்திரியண்ணா, கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்" என்று அக்கா தைரியமாகக் கேட்கலாம்.

எண்ணுக்குப் பதில் எழுத்து

இந்தக் குணங்கள் எல்லா எண்களுக்கும் பொருந்தும். அதனால் எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்து எழுதுகிறார்கள்.

க + ச = ச + க
க × ச = ச × க
க × (ச + ட) = க × ச + க × ட

இதற்குப் பெயர் இயற்கணிதம். க, ச, ட இருக்கும் இடத்தில் நீங்கள் விரும்பும் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு நாள் கூலி 430 ரூபாய். 8 நாளுக்கு எவ்வளவு? பிரித்துப் பெருக்கிச் சொல்லுங்கள்.