சாட்சி சொல்ல எழுந்தவர்

ஆண்டின் கடைசி இரவு. மும்பையில் ஒரு தமிழ்ச் சபை. "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்வரலாம்" என்கிறார் போதகர். பின்வரிசையில் ஒரு பட்டறைத் தொழிலாளிக்கு நெஞ்சு படபடக்கிறது. குடியை விட்டு ஆறு மாதமாகிறது. ஆனால் கடன் தீரவில்லை. கடையைக் கண்டால் நாக்கு இன்னும் ஊறுகிறது. முழு வெற்றி பெற்றவர்தானே சாட்சி சொல்லவேண்டும்?

இதற்குப் பதில் மகாராஷ்டிர மண்ணிலேயே உண்டு. புனேயை அடுத்த கேட்காவில் ஆதரவற்ற பெண்களுக்காக முக்தி இல்லம் நடத்தியவர் பண்டித ரமாபாய் (1858-1922). பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சம்ஸ்கிருத மேதை. 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1907-ல் தமது சாட்சியை நூலாக வெளியிட்டபோது, ஊரறிந்த அந்த அம்மையார் ஒன்றை ஒளிக்கவில்லை. ஞானஸ்நானத்திற்குப் பிறகும் பல ஆண்டுகள் தமக்கு மதம்தான் கிடைத்திருந்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். குறையைச் சொன்னதால் சாட்சி மெலியவில்லை, நம்பத்தக்கதாயிற்று.

சாட்சிக்குப் பிரசங்கம் வேண்டாம். முன்பு எப்படி இருந்தோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறோம் என்பது போதும். பழைய பாவத்தைப் பெருமையாக விவரிப்பதும், பிறர் குற்றத்தை இழுப்பதும் கூடாது. வீட்டாரைப் பற்றிச் சொல்வதானால் அவர்கள் சம்மதம் கேட்பது நலம்.

தொழிலாளி எழுந்துவிடுகிறார். "ஆறு மாதமாகக் குடிக்கவில்லை. ஆசை இன்னும் போகவில்லை. எனக்காக ஜெபம் பண்ணுங்கள்." அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால், இன்னொருவர் அவர் கையைப் பிடிக்கிறார்: "அண்ணாச்சி, நானும் விடணும்."