மலைச்சரிவுக் குடியிருப்பும் நிலவுடைமையும்

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவொன்று பெயர்ந்து லயன் வரிசைகளை மூடியது. பிள்ளைகள் பலர் அவ்வேளை பாடசாலைக்குச் சென்றிருந்தனர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகக் கூறப்பட்டது. பின்னர், உயிரிழந்தோரும் காணாமற் போனோருமாக நாற்பதுக்குச் சற்றுக் குறைவானோர் எனக் கணக்கு நின்றது.

அந்நாட்களிற் கொழும்பிற் பரவலாகக் கேட்ட கூற்று ஒன்றுண்டு: "அவர்கள் எச்சரிக்கப்பட்டிருந்தார்கள், இருந்தும் வெளியேறவில்லை." கொழும்பிலிருந்து மலையகத்துக்குச் செல்லும் புகைவண்டிகள் மருதானையைக் கடந்தே செல்கின்றன. எனினும் அம்மலைகளைப் பற்றி நகரத்தில் நிலவும் அறிவு பெரும்பாலும் வண்டியின் யன்னலோடு நின்றுவிடுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அவ்விடம் அபாயமானது என அறிவித்திருந்தது உண்மையே. ஆயின், எச்சரிக்கப்பட்டவர் எங்கு செல்லக்கூடியவராயிருந்தார் என்ற வினாவை அக்கூற்று எழுப்புவதில்லை. சரிவுகளிற் குடியிருப்பை ஒழுங்குபடுத்தும் விதிகள் யாரை நோக்கிப் பேசுகின்றன என்பதை ஆராய்வதற்கு அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

முதலில் மண்ணின் இயல்பைச் சிறிது நோக்குவோம். மத்திய மலைநாட்டின் பழம்பாறைகள் நெடுங்காலமாக உக்கி, தடித்த மண் போர்வையாக மாறியுள்ளன. அப்போர்வையின் பகுதிகள் முன்னொரு காலத்திற் சரிந்து இறங்கி, இடைச்சரிவுகளிற் கல்லும் மண்ணும் கலந்த குவியல்களாகத் தங்கியுள்ளன. கடும்மழையின்போது மண்துணிக்கைகளுக்கிடையே நீர் நிறைந்து அமுக்கம் பெருக, துணிக்கைகளைப் பற்றி வைத்திருக்கும் உராய்வு குறைகிறது. வீட்டுக்கோ வீதிக்கோ அடிச்சரிவு வெட்டப்பட்டிருப்பின் தாங்குவலுவும் இல்லாமற் போகிறது. இங்கு ஒரு முரண் மனங்கொள்ளத்தக்கது. பழைய சரிவுக் குவியல்களே மலைநாட்டில் ஒப்பீட்டளவிற் சமதரையானவை. ஊற்று நீர் கிடைப்பதும் அங்குதான். ஆகவே வீடு கட்ட மிக உகந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும் இடமே பல வேளைகளில் மீண்டும் அசையக்கூடிய இடமாகவும் உள்ளது.

இவ்வறிவு நம் நாட்டில் இல்லாத ஒன்றன்று. 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 அளவிற் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வலயப் படங்களை வரையத் தொடங்கியது. அப்பணி பின்னர் கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு, 100 எனின் எச்சரிக்கை, 150 எனின் வெளியேற்றம் என மூன்று படிகளும் வகுக்கப்பட்டன. 2011 முதல், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டடம் எழுப்புவோர் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிக்கு முன்னர் இந்நிறுவனத்தின் சிபாரிசைப் பெறவேண்டுமென்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதிகாரி நிலத்தைப் பார்வையிட்டு, கட்டலாம், கட்டக்கூடாது, அல்லது வெட்டின் உயரம், தாங்குசுவர், வடிகால் முதலிய நிபந்தனைகளுடன் கட்டலாம் எனச் சிபாரிசு செய்வார்.

இவ்வேற்பாடு பயனற்றது எனக் கூறுவது நேர்மையாகாது. 2020 செப்டெம்பரிற் கண்டி பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து அடுத்த வீட்டின் மேல் வீழ்ந்தது. அவ்வீட்டிலிருந்த தாய், தந்தை, கைக்குழந்தை மூவரும் மாண்டனர். காசுள்ளவர் சரிவில் அடுக்கு மேல் அடுக்காக எழுப்புவதைத் தடுக்க அனுமதிப்பத்திரமே கருவி. அது கண்டிப்பாகப் பிரயோகிக்கப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அனுமதிப்பத்திரம் என்னும் கருவி ஒரு குறிப்பிட்ட மனிதனைக் கற்பனை செய்துகொள்கிறது. அவனுக்கு நிலம் உண்டு. நில அளவைப் படமும் உறுதியும் உண்டு. அவன் ஒரு விண்ணப்பத்தோடு மன்றத்தின் வாயிலுக்கு வருகிறான். மறுக்கப்பட்டால் வேறு நிலம் தேடக்கூடியவன் அவன். வெள்ளவத்தையில் வீடு கட்டுபவனுக்கும் நுவரெலியாவில் விடுதி கட்டுபவனுக்கும் இக்கற்பனை பொருந்தும். லயத்து மனிதனுக்கு இதில் ஒன்றேனும் பொருந்தாது. அவன் வீட்டை அவன் கட்டவில்லை; அது நின்ற இடத்தையும் அவன் தெரியவில்லை; நிலம் அவனுடையதன்று. அனுமதி கேளாதவனுக்கு அனுமதி மறுப்பது எங்ஙனம்?

இந்நிலை இயற்கையால் வந்ததன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடியின் உடைமையாகக் கொண்டு, கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கும் வழியைத் திறந்தது. காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1873 இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் எழுப்பிய எச்சரிக்கையைத் தொடர்ந்து, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. இத்தீவிற் சரிவுகளை ஒழுங்குபடுத்திய முதல் முயற்சிகளுள் அஃது ஒன்று எனலாம். அதனாற் காக்கப்பட்டவை காடும் நீரூற்றும். ஐயாயிரம் அடிக்குக் கீழே கூலியாளின் குடிசை எங்கு நிற்கவேண்டும் என்பது எவருடைய கவலையாகவும் இருக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், 1876 அளவில், எங்கெல்ஸ் உழைப்பின் பங்கு பற்றி எழுதிய கட்டுரையிற் கியூபாவின் ஸ்பானியத் தோட்டக்காரரை எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறைக் கோப்பிக்கான சாம்பலுக்காக அவர்கள் மலைக்காட்டை எரித்ததையும், பின்னர் மழை மண்ணை அரித்துப் பாறையை மட்டும் விட்டதையும் அவர் சுட்டினார். அவர் இலங்கையைப் பெயர் சொல்லவில்லை. கண்டிச் சீமையிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது அதுவே.

கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் லயத்தின் தர்க்கம் மாறவில்லை. பெரட்டுக் களத்துக்கும் மலைக்கும் அண்மையில் தொழிலாளி இருக்கவேண்டும். தேயிலை நிற்கவேண்டிய நிலத்தை அவன் பிடிக்கக்கூடாது. வீட்டின் இடத்தைத் தீர்மானித்தது இக்கணக்கே. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் மண்ணரிப்பைத் தடுக்க நிலப்பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அங்கும் மண் என்பது விளைச்சலின் மூலதனமாகவே முதலிற் பார்க்கப்பட்டது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் அரசியல் உரிமை இழந்து நின்ற மக்கள் எந்தச் சட்டத்தின் மூலம் தம் குடியிருப்பின் இடத்தைக் கேட்டிருக்கமுடியும்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. லயத்தை அது தொடவில்லை. 1992 இல் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசினுடையதாகவே இருக்க, குத்தகை கம்பனிகளுக்குச் சென்றது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபைகள் சேவை செய்வதற்குத் தடையாக 2018 இல் திருத்தப்படும் வரை நின்றது. மண்சரிவு அபாயப் படத்திற் சிவப்பாகத் தீட்டப்பட்ட லயத்துக்கு இவ்வாறு பொறுப்பாளிகள் பலர்: நிலத்துக்கு அரசு, தேயிலைக்குக் கம்பனி, அனுமதிக்குச் சபை, எச்சரிக்கைக்கு நிறுவனம். வீட்டுக்கு யார்?

கான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சரிவிற் குறுக்காக வெட்டப்பட்ட கான்கள் மழைநீரை மண்ணுள் இறங்கவிடாமல் வெளியே கொண்டுசெல்வன. அவற்றைத் தூர் வாரி வைப்பது தொழிலாளியின் வேலை; கூலி கொடுக்கவேண்டிய வேலை; அன்றைய கொழுந்தின் நிறையில் ஒரு இறாத்தலையும் கூட்டாத வேலை. செலவு குறைக்கப்படும்போது முதலிற் கைவிடப்படுவது இத்தகைய வேலையாகவே இருக்கும் என்பதை உணரப் பெரிய பொருளியல் அறிவு வேண்டியதில்லை.

இதனைத் தமிழருக்கு மட்டுமுரிய துயரமாகக் குறுக்குவதும் தவறு. 2016 மே 17 இல் அரநாயக்கையிற் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை மூடியபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். பெருந்தோட்டம் சூழ்ந்து கண்டிக் கிராமங்களின் நிலப்பசியை வளர்த்ததை 1951 இன் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கையே ஆராய்ந்தது. நிலமற்ற இருசாராரையும் சரிவு ஒன்றாகவே நடத்துகிறது. கடலுக்கு அப்பாலும் இதே கோலம் உண்டு. 2020 ஓகஸ்ட் 6 இரவு, கேரளத்து மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து எழுபது பேர் மாண்டனர். அவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். வாழ்ந்த வீட்டின் பெயர் அங்கும் லயமே.

மாற்று எங்கேனும் உண்டா எனின், ஹொங்கொங்கை நோக்கலாம். 1972 யூன் 18 ஆம் திகதி ஒரே நாளிற் சௌ மௌ பிங் என்னும் ஏழைகள் பகுதியில் 71 பேரும், போ ஷான் வீதி என்னும் வசதி படைத்தோர் பகுதியில் 67 பேரும் சரிவுகளில் மாண்டனர். 1976 இற் சௌ மௌ பிங்கில் மீண்டும் 18 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அரசு சரிவுகளுக்கெனத் தனி அலுவலகம் அமைத்தது. அங்கு இன்று மனிதர் வெட்டியும் நிரப்பியும் உருவாக்கிய ஏறத்தாழ 60,000 சரிவுகளுக்குப் பதிவிலக்கம் உண்டு. ஒவ்வொன்றையும் பேணும் பொறுப்பு எவருடையது என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. அது குடியேற்ற அரசு, முதலாளித்துவ நகரம். அவ்வரசின் இரக்கத்தை நாம் புகழவில்லை. செல்வந்தரும் அதே நாளில் மாண்டதே அவ்வேகத்துக்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. ஆயினும் பொறுப்பாளியைச் சரிவுதோறும் குறித்துவைத்த அம்முறை நாம் கற்கவேண்டியது.

மீரியபெத்தையில் எஞ்சியோருக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் 2016 ஒக்டோபரிற் கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அவர்கள் தற்காலிக முகாமில் வாழ்ந்தனர். தோட்ட வீடமைப்பிற் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்பது அளவாக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் எத்தனை குடும்பத்துக்கு உறுதி கையிற் கிடைத்தது, எந்தச் சரிவில் அந்நிலம் ஒதுக்கப்படுகிறது, தேயிலைக்கு உதவாத துண்டே மீண்டும் வீட்டுக்கு விடப்படுகிறதா என்பவற்றை ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மலை மாவட்டத்தவர். எச்சரிக்கைக்கும் வெளியேற்றத்துக்கும் மேலான வேலைத்திட்டம் இனியேனும் வகுக்கப்படுமாயின், அதன் ஒழுங்கு இவ்வாறு அமையவேண்டும் என்பது எமது கருத்து. அபாயப் படத்தின்படி தோட்டத்துள்ளேயே பாதுகாப்பான நிலத்தை முதலில் தெரிதல். அது நன்கு விளையும் தேயிலை நிலமாயினும் குத்தகையிலிருந்து விடுவித்தல். உறுதியைத் தொழிலாளியின் பெயரில் எழுதுதல். அதன் பின்னரே லயத்தை இடித்தல். நிலத்தை விடுவிக்காமல் வெளியேறு என்று மட்டும் கட்டளையிடும் ஒழுங்குவிதி, மக்களை மழைக்காலத்திற் பாடசாலைக்கும் வெயிற்காலத்தில் அதே லயத்துக்குமாக அலைக்கழிப்பதற்கு மேல் எதையும் செய்யாது. நிலம் அரசினுடையது என்பதால், தோட்டங்கள் ஐம்பத்துமூன்று ஆண்டுக் குத்தகையில் உள்ளபோதும், இதனைச் செய்யும் அதிகாரமும் அரசிடமே உள்ளது. அக்குத்தகைகள் 2045 இல் முடிவடைகின்றன. அதற்கிடையே இன்னும் பல பருவமழைகள் உள்ளன.