அறுபதுக்குப் பிறகும் எடை குறையும். பலம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்

“அறுபது வயசாச்சு, இனிமே உடம்பைக் குறைச்சு என்ன ஆகப்போகுது?” நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தொப்பை விழுந்தால் வயது, முட்டி வலித்தால் வயது, இனிப்புநீர் வந்தால் அது பரம்பரை என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வுகள் காட்டுவது வேறு.

நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு எளிமையானது. உணவைச் சீர்செய்ய வேண்டும், வாரத்தில் 150 நிமிடம் நடக்க வேண்டும், எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் இவர்களிடையே நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால் அது 71 விழுக்காடு. அதாவது, “இனிமே என்ன” என்று சொல்லும் வயதினருக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல். 20 கிலோ குறைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால், இளையவர் எடை குறைப்பதற்கும் முதியவர் எடை குறைப்பதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குறைய வேண்டியது வயிற்றுக் கொழுப்பு. பட்டினி கிடந்து எடையை இறக்கினால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். இளைஞருக்குப் போன தசை சீக்கிரம் திரும்பிவிடும். எழுபது வயதுக்காரருக்கு அது எளிதில் திரும்பாது. தராசில் எண் இறங்கியிருக்கும். குளியலறையில் கால் இடறினால் தாங்கிக்கொள்ளும் பலம் இருக்காது.

வேலை நின்றது, சோறு குறையவில்லை

விடியுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து ஸ்டோருக்கு நடந்த உடம்புக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது. அந்த உழைப்பு அதை எரித்தும் விட்டது. செம்பனைக் குலை அறுத்தவர்களுக்கும் அப்படித்தான்.

பிறகு தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். வேலை பாதுகாவலர் நாற்காலிக்கோ, தொழிற்சாலைக்கோ, லாரி ஓட்டுநர் இருக்கைக்கோ மாறியது. தட்டில் போடும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. அதோடு மாமாக் கடை ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகளும் அந்த அளவையே பார்த்து வளர்ந்தார்கள்.

அதன் விளைவை எண்களில் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். கவனிக்காமல் விட்ட நீரிழிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் நிலையங்களிலும், கால் விரலை இழந்தவர்களின் வீடுகளிலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தராசோடு அளவு நாடாவும் தேவை

ஆசியர்களுக்கு எடை அதிகம் என்று கொள்ளும் வரம்பு ஐரோப்பியர்களைவிடக் குறைவு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. மலேசிய மருத்துவ வழிகாட்டியில் அது 23-ஐத் தொட்டால் எடை அதிகம், 27.5-ஐத் தொட்டால் உடற்பருமன். 1.60 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 31 வரும்.

இடுப்புச் சுற்றளவு இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. தையல் நாடாவை வைத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். கைகால் ஒல்லியாக, வயிறு மட்டும் பெருத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். தராசு அவர்களை ‘சரியான எடை’ என்று சொன்னாலும் நாடா உண்மையைக் காட்டிவிடும்.

முட்டி வலிக்கும் இதில் பங்குண்டு. உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று முட்டித் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் செய்த ஆய்வு காட்டியுள்ளது. ஐந்து கிலோ இறக்கியவருக்கு ஒவ்வோர் அடியிலும் இருபது கிலோ இறங்கிய மாதிரி. பத்துமலையின் 272 படிகளை இப்போது கீழேயிருந்து கும்பிடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

தட்டில் என்ன மாற்றம்?

சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ‘சுக்கு-சுக்கு-செப்பாரோ’ முறை நம் சமையலுக்கும் பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுப் பண்டம். கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌஃபூ அல்லது தெம்பே. பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் வழக்கமாக முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு துண்டு மீன், ஒரு கரண்டிக் கீரை. முறையைத் திருப்பிப் போட்டாலே போதும். தனிச் சமையல் தேவையில்லை.

இங்கே பலர் தவறும் இடங்கள் சில உண்டு.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது: இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு “நான் சோறே தொடுவதில்லை” என்பார்கள். கோதுமையும் மாவுதான். தோசை, இட்லி, புட்டு, மீகூன் எல்லாம் அந்தக் கால் பங்குக் கணக்கில்தான் வரும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்கறிக் கணக்கில் சேராது.

குடிப்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது: ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் மட்டும் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சீனி இருக்கிறது. ஒரு நாளில் மூன்று தே தாரிக் குடிப்பவர் சோற்றைக் குறைத்தும் எடை குறையாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ‘தே ஓ கொசோங்’ பழகக் கொஞ்ச நாள் ஆகும். முதலில் ‘கூராங் மானிஸ்’ என்று கேட்டு, படிப்படியாகக் குறைத்தால் நாக்கு ஏற்றுக்கொள்ளும்.

இரவில் ரசஞ்சோறு, ஊறுகாய், அல்லது தேநீரில் நனைத்த பிஸ்கட்டோடு முடித்துக்கொள்வது: பல் இல்லாத முதியவர்கள் இப்படித்தான் வயிற்றை நிரப்புகிறார்கள். வயிறு நிறையும், தசைக்கு எதுவும் கிடைக்காது. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே மூன்று வேளையிலும் ஏதாவது ஒரு புரதம் இருக்க வேண்டும். மெல்ல முடியாதவர்களுக்கு மீன், முட்டை, தௌஃபூ, கட்டியாக வேகவைத்த பருப்பு எல்லாம் மென்மையானவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நடை மட்டும் போதாது

ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி. அரை மணி நேர நடையில் எரிவது 100 முதல் 150 கலோரி. நடந்து முடித்து நேராக மாமாக் கடைக்குப் போனால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. எடையைக் குறைப்பதில் பெரும் பங்கு உணவுக்கு. நடை இதயத்துக்கும் இரத்தச் சீனிக்கும் நல்லது. தசையைக் காப்பது பலப் பயிற்சி.

உடற்பருமன் உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 160 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. உணவைக் குறைத்து நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் 5 விழுக்காடு தசையை இழந்தார்கள். நடையோடு பலப் பயிற்சியும் சேர்த்தவர்கள் இழந்தது 3 விழுக்காடு. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் இவர்களிடமே அதிகம் கூடியது. அதற்கும் முன்பு, 1990-இல், சராசரி வயது 90 உள்ள பராமரிப்பு இல்லவாசிகள் எட்டு வாரம் காலுக்குப் பலப் பயிற்சி செய்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறிலும் தசை பயிற்சிக்கு இணங்கும்.

இதற்கு ஜிம் தேவையில்லை. சுவரை ஒட்டி வைத்த உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடியும் மெதுவாக உட்கார வேண்டும். பத்து முறை, சற்று இளைப்பாறி இன்னும் பத்து முறை. சுவரில் கைவைத்துத் தள்ளும் பயிற்சி தோளுக்கும் நெஞ்சுக்கும். தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றரை கிலோ பளு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நீரிழிவு உள்ளவர்கள் சிலிப்பரோடு நடக்காமல் காலுறையும் காலணியும் அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மாத்திரை போடுவோர் கவனத்திற்கு

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிலசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உடல் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சீனியை மறுபடியும் சோதிக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

எடை குறையும்போது இரத்த அழுத்தமும் குறையும். பழைய அளவு மாத்திரையைத் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். ஆகவே, உணவை மாற்றப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்தைக் குறைப்பது அவர் வேலை. தானாக நிறுத்திக்கொள்வது ஆபத்து.

‘மெலிய வைக்கும்’ காப்பியும் மாத்திரையும் இன்னொரு ஆபத்து. இவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயத்தால் 2010-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. ‘எம்.ஏ.எல்.’ பதிவு எண் இல்லாத மருந்தை யார் சிபாரிசு செய்தாலும் தொட வேண்டாம்.

மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ குறைந்தால் போதும். எந்த முயற்சியும் செய்யாமலே எடை இறங்குகிறது என்றால் மகிழ வேண்டாம். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 5 விழுக்காடு தானாகக் குறைந்தால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டார் கையில்

முதியவர் தட்டு பெரும்பாலும் முதியவர் கையில் இல்லை. “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்பது நம் பாசம். மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது என்று அதை முடித்து வைப்பது அம்மாக்களின் பழக்கம். தாத்தாவுக்கு மட்டும் உப்புச் சப்பில்லாத தனிச் சாப்பாடு வைத்துவிட்டு மற்றவர்கள் பிரியாணி சாப்பிட்டால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. குறைந்த சோறும் கூடுதல் காயும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால், நாற்பதைத் தொடும் பிள்ளைகளுக்கும் அதுவே காப்பு.

எங்கே தொடங்குவது? 40 வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித் தொகை பெறும் பி40 பிரிவினருக்கும் அவர்களின் துணைவருக்கும் ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. 2019-இல் தொடங்கிய இத்திட்டத்தில் இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை சோதிக்கப்படும். அரசாங்க கிளினிக்குகளிலும், திட்டத்தில் பதிந்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். உணவியல் நிபுணரிடம் அனுப்பும்படியும் மருத்துவரைக் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு அளவீடுகள். ஒன்று, இடுப்புச் சுற்றளவு. மற்றொன்று, 30 விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பது. 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14 முறையும் பெண்கள் 12 முறையும் எழ முடியாவிட்டால் கால் பலம் குறைவு என்று பொருள். இந்த இரண்டு எண்களையும் இன்றைய தேதியோடு சுவர் நாள்காட்டியில் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம். முதல் எண் இறங்கி, இரண்டாவது எண் ஏறியிருந்தால் சரியான வழியில் போகிறார்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் போவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். உணவில் புரதத்தையும் நாற்காலிப் பயிற்சியையும் கூட்ட வேண்டும்.