பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்தோடு முடிகிறதா?

எங்கள் பள்ளி துடியலூர்ப் பகுதியில் இருக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பெற்றோரில் பெரும்பாலோர் பவுண்டரியிலும் லேத் பட்டறையிலும் மோட்டார் பம்ப் கம்பெனியிலும் வேலை செய்பவர்கள். தாய்மார்கள் பலர் மில்லுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் ஆசிரியர் பிரதிநிதி. தீர்மானப் பதிவேடு எழுதுவது என் பொறுப்பு.

2022இல் குழு அமைந்த சில மாதங்களில் நடந்தது இது. ஒரு கூட்டத்துக்கு 5 பெற்றோர்தான் வந்தார்கள். மற்றவர்களின் கையெழுத்துக்காகப் பதிவேட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் கையெழுத்துகளோடு திரும்பி வந்தது. ‘கூட்டம் இனிதே நிறைவுற்றது’ என்று எழுதி மூடி வைத்தேன்.

அடுத்த வாரம் உறுப்பினர்களில் ஒருவரான ஒரு தாய், உதவித்தொகைக்காக வங்கிப் புத்தக நகல் கொடுக்க வந்தார். போகும்போது கேட்டார்: “ஏனுங் டீச்சர், அன்னைக்குப் பையன் ஒரு நோட்டக் கொண்டாந்தானுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தனுங்க. அது எதுக்குங்க?” சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய் பற்றிய தீர்மானம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாஞ் சரிங்க. எம் பையன் ஆறாவது வந்துட்டான். அவன் படிக்கறானா இல்லீங்களா, அத ஆருங்க எனக்குச் சொல்லுவாங்க?” என்றார்.

எனக்கு விடை தெரியும். அவர் மகனால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடத் திக்காமல் வாசிக்க முடியாது. ஆனால் முன்னேற்ற அட்டையில் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த மூன்று சொற்களிலிருந்து ஒரு தாய் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பள்ளி மேலாண்மைக் குழு எதற்காக இருக்கிறது என்பதை நான் முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் எங்கள் பள்ளியில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும்.

குழுவின் பணிகளாகச் சட்டம் மூன்றைக் குறிப்பிட்டுச் சொல்கிறது: பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைத்தல், பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்த்தல். 22ஆம் பிரிவின்படி அந்த வளர்ச்சித் திட்டமே அரசு வகுக்கும் திட்டங்களுக்கும் தரும் நிதிக்கும் அடிப்படை. 2012இல் வந்த திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே வழங்கும். நம்மைப் போன்ற அரசுப் பள்ளிகளில் அதன் பொறுப்பு ஆலோசனையோடு நிற்பதில்லை.

நாம் அதிகம் கவனிக்காத இன்னொரு பிரிவு 24. ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் பிரிவு அது. பெற்றோருடன் தொடர்ந்து கூட்டம் நடத்தி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது சலுகை அல்ல, சட்டம் அவருக்குத் தந்த உரிமை.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் மாதம் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் பெரிய விழிப்புணர்வு இயக்கம் நடந்தது. அதைத் தொடர்ந்து 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 20 உறுப்பினர்களைக் கொண்ட குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் மீண்டும் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு, உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது.

ஊரும் பள்ளியும்: பழைய உறவு

ஊர் மக்கள் பள்ளியைத் தாங்குவது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், மதிய உணவுத் திட்டமே ஊராரின் அரிசியையும் காய்கறியையும் நம்பித்தான் தொடங்கியது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாநிலம் முழுவதும் பரவின. நிலம், கட்டடம், மேசை நாற்காலி, சீருடை என்று மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். ஒரு தலைமுறை படித்து மேலே வந்ததற்கு அந்தக் கொடையும் ஒரு காரணம்.

ஆனால் அன்று தேவை பள்ளிக்கூடம். இன்று பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை கற்கிறதா என்பதே இன்றைய கேள்வி. இதற்குப் பொருளுதவி மட்டும் போதாது.

ஜான்பூர் தரும் பாடம்

கூட்டம் போட்டாலே பள்ளி முன்னேறிவிடுமா? உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005-06இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரதம் அமைப்புடன் இணைந்து ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அடங்குவர். 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள்.

அங்கே அப்போது இருந்தது கிராமக் கல்விக் குழு. பெற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. உறுப்பினர்களிலேயே பலருக்குத் தாங்கள் உறுப்பினர்கள் என்பது தெரியவில்லை. பெற்றோரில் பலர் தங்கள் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை, உண்மையில் இருப்பதைவிட அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள்.

ஆய்வில் மூன்று வழிகள் முயலப்பட்டன. சில கிராமங்களில் கூட்டம் நடத்திக் குழுவின் பொறுப்புகளை விளக்கினார்கள். வேறு சில கிராமங்களில் அதோடு, பிள்ளைகளின் வாசிப்பை எளிய முறையில் சோதித்து ஊருக்கான அறிக்கை தயாரிக்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது வகைக் கிராமங்களில் இவை இரண்டோடு, உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்த வழிகாட்டினார்கள்.

முதல் இரண்டு வழிகளாலும் கற்றலில் மாற்றம் வரவில்லை. மூன்றாவது வழியில், வாசிப்பு வகுப்புக்கு வந்த குழந்தைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்தக் கிராமங்களிலும் குழுவோ பள்ளியோ முன்பைவிடச் சுறுசுறுப்பாகிவிடவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பிள்ளையின் நிலையைத் தெரிவிப்பது நம் கடமை. ஆனால் அதோடு நிறுத்தினால் பயன் இல்லை. ‘பள்ளியை மேம்படுத்துங்கள்’ என்று சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ‘இந்தப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் மாலை ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும்’ என்றால் ஒருவர் கை தூக்குவார். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நம் தெருப் பெண்கள் மாலை வகுப்பு எடுத்ததை நினைத்துப் பாருங்கள். வேலை தெளிவாக இருந்தது; ஆட்கள் வந்தார்கள்.

சிகாகோவில் ஒரு முயற்சி

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், மிகவும் பின்தங்கியிருந்த பொதுப் பள்ளிகளை மேம்படுத்த 1988இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்தல் வழியே ஒரு குழு. தொடக்கப் பள்ளிக் குழுவில் 6 பெற்றோர், ஊர்ப் பொதுமக்களில் 2 பேர், 2 ஆசிரியர், தலைமை ஆசிரியர் என 11 பேர். தலைமை ஆசிரியரைத் தேர்வு செய்யும் அதிகாரமே அக்குழுவுக்குத் தரப்பட்டது.

அவ்வளவு அதிகாரம் இருந்தும் எல்லாப் பள்ளிகளும் முன்னேறவில்லை. அந்தப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. ஆசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்த பள்ளிகளே முன்னேறும் வாய்ப்பை அதிகம் பெற்றன. உண்மையை மறைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையை வளர்க்க முடியாது.

எங்கள் பள்ளியில் செய்தது

முதலில் பழைய தீர்மானங்களை எடுத்துப் படித்தேன். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர், மேசை. இவை தேவைதான். கழிப்பறை சரியில்லாவிட்டால் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை மாதத்தில் சில நாள் வரமாட்டாள். ஆனால் பிள்ளைகளின் வாசிப்பு பற்றியோ கணக்கு பற்றியோ ஒரு தீர்மானம்கூட இல்லை.

பிறகு ஆறாம் வகுப்பில் 31 பேரையும் தனித்தனியே உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். 11 பேரால் முடியவில்லை. இதைப் பெற்றோரிடம் சொல்லலாம் என்றபோது சக ஆசிரியர் ஒருவர் தயங்கினார். “நாமே நம் குறையைச் சொன்னால் நம்மைத்தானே கேட்பார்கள்?” அந்த அச்சம் எனக்கும் இருந்தது. தலைமை ஆசிரியர்தான், “சொல்லிவிடுவோம். ஆனால் தனியாகச் சொல்வோம்” என்றார்.

அந்த 11 பேரின் பெற்றோரையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம். பிள்ளையின் பெயரைப் பொதுவில் சொல்லவில்லை. ஒரு தந்தைக்குக் கோபம் வந்தது. “அஞ்சு வருசமா என்னங்க பண்ணுனீங்க?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை, கேட்டுக்கொண்டோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வந்தார்.

கூட்டத்துக்கு ஏன் யாரும் வருவதில்லை என்பதும் அப்போது புரிந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். நேரத்தை மாலைக்கு மாற்றினோம். முந்தின நாள் தொலைபேசியில் நானும் தலைவரும் ஆளுக்குப் பாதிப் பேரை அழைத்தோம். 5 பேர் வந்த கூட்டத்துக்கு 13 பேர் வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து பவுண்டரிப் பக்கம் குடியிருக்கும் தாய். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. நான்காம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். அவர்கள் குடியிருப்பில் ஐந்தாறு பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேராமல் இருக்கிறார்கள் என்ற செய்தி அவர் வழியாகத்தான் எங்களுக்குக் கிடைத்தது. அவர்களில் 3 பேர் பள்ளிக்கு வந்தார்கள்.

அன்றைய கூட்டத்தில் இரண்டே தீர்மானங்கள். ஒன்று, வாரம் மூன்று நாள் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் வாசிப்பு வகுப்பு. எங்கள் முன்னாள் மாணவி, கல்லூரியில் படிப்பவர், எடுக்க முன்வந்தார். வகுப்பு முடியும்வரை உறுப்பினர் ஒருவர் உடன் இருப்பார். இரண்டு, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்தத் தெருவில் இருக்கும் உறுப்பினர் போய் விசாரிப்பார். நான் போனால் ‘காய்ச்சலுங்க டீச்சர்’ என்ற பதில்தான் வரும். பக்கத்து வீட்டு அக்கா போனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அக்காளை நிறுத்தியிருக்கிறார்கள் என்ற உண்மை வெளியே வரும்.

ஆண்டு முடிவில் 11 பேரில் 6 பேர் ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்தார்கள். ஒருத்தி குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டாள். மீதி 4 பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். தேர்வு நேரத்தில் இரண்டு மாதம் மாணவியால் வர இயலாமல் வகுப்பு நின்றுபோனது ஒரு காரணம். ஒருவரை மட்டும் நம்பியிருந்தது எங்கள் பிழை.

நாம் செய்யக்கூடியவை

1. கூட்ட அழைப்பிலேயே பேசப்போகும் பொருளை எழுதுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று கட்டாயம் கற்றல் பற்றியதாக இருக்கட்டும்.

2. வகுப்பின் நிலையை எண்ணாகக் கூட்டத்தில் சொல்லுங்கள். தனிப் பிள்ளையின் நிலையை அவன் பெற்றோரிடம் மட்டும் சொல்லுங்கள்.

3. ‘முயற்சி தேவை’ என்று எழுதாதீர்கள். ‘இரண்டெழுத்துச் சொல் வாசிக்கிறான், வாக்கியம் வரவில்லை’ என்று புரியும்படி எழுதுங்கள்.

4. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே யார், எப்போதுக்குள் என்று குறியுங்கள். அடுத்த கூட்டத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.

5. பேசாத உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் ஆசிரியர் பேசும் நேரம் பாதிக்கு மேல் போகக்கூடாது.

6. தன்னார்வலர் ஒருவர் போதாது, இருவராவது வேண்டும்.

7. கூட்டத்துக்கு வராதவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். பதிவேட்டில் 7 பேர் என்றால் 7 பேர்தான். குறைவான எண்ணிக்கையைப் பார்த்தால்தான் நேரத்தை மாற்ற வேண்டும் என்று நமக்கே தோன்றும்.

அந்தத் தாய் இப்போதைய குழுவில் உறுப்பினர் இல்லை. ஆனாலும் கூட்டத்துக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். அவர் மகன் அந்த 4 பேரில் ஒருவன். அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் பொருளாக அந்த நால்வருக்கான மாலை வகுப்பை எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை சொல்லித்தர இரண்டு பேர் இருக்கிறார்கள்.