இரண்டு இரவு மலரும் அல்லி

நம் ஊர்க் குளங்களில் பூக்கும் அல்லியைத் தெலுங்கில் 'கலுவ' என்பர். தமிழில் அதற்கு ஆம்பல் என்னும் பெயரும் உண்டு. அதன் உறவினமே விக்டோரியா அமேசானிக்கா என்னும் பேரல்லி. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்கு உரிய இது, கயானா நாட்டின் தேசிய மலராகும். நம் நாட்டில் ஹவுரா தாவரவியல் பூங்காவில் இதனைக் காணலாம்.

இதன் வட்ட இலை ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் வரை விரியும். அடிப்புறத்தில் வலைபோல் பின்னிய தடித்த நரம்புகள் இலையைத் தாங்குகின்றன. கூரிய முட்கள் அதனைக் காக்கின்றன.

முதல் நாள் மாலை, பூ வெண்ணிறமாக மலரும். அதன் மணமும் வெப்பமும் வண்டுகளை ஈர்க்கும். அப்போது சூல்முடி மட்டுமே முதிர்ந்திருக்கும். வண்டுகள் வேறு பூவிலிருந்து கொணர்ந்த மகரந்தம் அதில் படியும். பின்னர் இதழ்கள் குவிய, வண்டுகள் உள்ளே சிறைப்படும். மறுநாள் மாலை பூ இளஞ்சிவப்பாகி மீண்டும் விரியும். இப்போது மகரந்தப்பைகள் முதிர்ந்திருக்கும். உடலெங்கும் மகரந்தம் படிந்த வண்டுகள் வெளியேறி, மற்றொரு வெண்பூவை நாடும். இவ்வாறு அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது. பணி முடித்த பூ நீரில் அமிழ, அங்கேயே கனி முதிரும்.

மாணவர்களே, உங்கள் ஊர் அல்லி எப்போது விரிகிறது, எப்போது குவிகிறது? பெரியவர் துணையுடன் கண்டு எழுதுக.