கழற்றக் கற்ற கைகள்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் திருமுக்கூடல் என்று பெயர். கோடையில் போனால் மூன்று ஆறும் மணலாகத்தான் கூடிக் கிடக்கும். கரையில் இருக்கும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மருத்துவமனைக்குக் கணக்கு எழுதிய கல்வெட்டு அது.

ஆதுலசாலை என்ற அந்த மருத்துவமனையின் பெயர் வீரசோழன். 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம்தான். இன்றைய சர்ஜன்கள் படித்தால் சிரிப்பார்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள்கூட வரிசையாக இருக்கின்றன. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய்க்கும் கணக்கு உண்டு.

அதே இடத்தில் மாணவர்கள் தங்கிப் படித்த வேதக் கல்லூரியும் இருந்தது. அங்கே மருத்துவம் சொல்லிக்கொடுத்ததாகக் கல்வெட்டில் இல்லை. அதைப் பார்க்க அரை நூற்றாண்டு தள்ளி, விக்கிரம சோழன் காலத்துத் திருவாவடுதுறைக்குப் போக வேண்டும். அங்கே மடத்தில் அஷ்டாங்க ஹிருதயமும் சரக சம்ஹிதையும் படித்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். படித்து முடித்த வைத்தியரும் பணிப்பெண்களும் புது நோய் வந்தால் எங்கே போய்ப் படித்தார்கள் என்பதைத்தான் எந்தக் கல்லும் சொல்லவில்லை.

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். திருமுக்கூடல் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர், ஓமனிலிருந்து திரும்பியவர். அந்த நோயைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு பக்கம்கூடக் கிடையாது. படித்ததும் நிற்கவில்லை. மார்ச் கடைசியில் மருத்துவப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்துக்கொள்ளலாம் என்றது ஐ.சி.எம்.ஆர். ஜூன் 16 அன்று இங்கிலாந்திலிருந்து சேதி வந்தது: மலிவாகக் கிடைக்கிற டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. வீடு வீடாக ஆள் தேடி அலைந்த பிளாஸ்மா சிகிச்சை, 2021 மே 17 அன்று வழிகாட்டுதலிலிருந்தே நீக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருவர் நாலு மாதம் லீவில் போய்த் திரும்பியிருந்தால், பாதி மருந்துச்சீட்டை மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கும்.

நம் விதிகளோ வேறு வேகத்தில் எழுதப்பட்டவை. டாக்டர்களுக்கு ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி என்கிறது 2002-ம் ஆண்டின் நடத்தை விதி. செவிலியர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு ஐந்தாண்டுக்கு 150 மணி நேரம். கொரோனா வரும்வரை சி.எம்.இ. எனப்படும் இந்தத் தொடர்கல்வி என்றால் நகரத்து ஹோட்டல் ஹால், குளிர்பதனம், கழுத்தில் அட்டை, ஒரு பை, மதியம் பிரியாணி. கிராமத்தில் ஒற்றை ஆளாக ஓ.பி. பார்ப்பவர் ஒரு நாளை விட்டுவிட்டு அங்கே போவது லேசில்லை. ஊரடங்கு அதை ஒரே வாரத்தில் செல்போனுக்குள் கொண்டுவந்தது. ஏப்ரலில் மத்திய அரசின் ஐ-காட் தீக்ஷா தளம் வந்தது. டெல்லி எய்ம்ஸ் பேராசிரியர் பேசுவதை வாலாஜாபாத் பக்கத்திலிருந்தும் கேட்கலாம் என்றானது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் வீட்டில் ஒரு போன்தான். பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் அம்மாவின் வெபினாரும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்குப் போன் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நைட் டூட்டி முடித்து வந்தவர் கேமராவை அணைத்துவிட்டு, அடுப்படி ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே ஆக்சிஜன் அளவுகளைக் கேட்டிருப்பார். கடைசியில் ஐந்து கேள்வி, சான்றிதழ்.

போனில் வராத பாடம் ஒன்று இருந்தது: கவச உடையைக் கழற்றுவது. போடுவது சுலபம். ஆறு மணி நேர வேர்வையில் உள்ளே ஊறி, கண்ணாடி மங்கி, தலை சுற்றும்போது கழற்றுவதில்தான் தொற்று ஒட்டும். அங்கியின் வெளிப்பக்கம் உடம்பில் படாமல், உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தோளிலிருந்து சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். கண்ணாடியைப் பின்பட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும். முகக்கவசம் கடைசியில், அதிலும் முதலில் கீழ் நாடா, பிறகு மேல் நாடா. ஒவ்வொரு படிக்கும் இடையே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை வீடியோவில் பத்து முறை பார்க்கலாம். எதிரே ஒருவர் நின்று, "சிஸ்டர், கை மூக்குகிட்ட போகுது" என்று சொன்னால்தான் வரும். முதல் அலையில் பல வார்டுகளில் அந்த எதிரே நிற்கும் ஆள், ஒரு வாரம் முன்னால் கற்றுக்கொண்ட இன்னொரு செவிலியர்தான்.

கைப்பழக்கம் ஏற்கெனவே இருந்த இடத்தில் கதை வேறு. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியது. கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், ஒன்று அரை மில்லி, திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தோலுக்குள் பி.சி.ஜி. போட்டுப் பழகிய கிராம சுகாதார செவிலியருக்கு இது புதிதா என்ன? கோவின் செயலியில் பெயர் ஏற்றுவதுதான் அவருக்குப் புதுப் பாடம்.

எலும்பு முறிவு, கண், காது என்று மேற்படிப்பு படிக்க வந்தவர்கள் நிலை மோசம். அவசரமில்லாத அறுவைகள் நின்றன. கத்தி பிடிக்க வந்தவர்கள் கோவிட் வார்டில் ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021 ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய முதுநிலை நீட் செப்டம்பர் 11-க்குத் தள்ளிப்போனது. கலந்தாய்வு தொடங்கியது 2022 ஜனவரியில். இடையில் புது முதலாண்டு மாணவர்களே இல்லை. மூன்று செட் செய்கிற வேலையை இரண்டு செட் இழுத்தது. விட்டுப்போன அறுவைகளை வெபினாரில் ஈடுகட்ட முடியாது.

திரை வழிக் கல்வியே வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ல் தொடங்கிய எக்கோ திட்டத்தில், கிராமத்து டாக்டர் தன் நோயாளியின் கேஸைத் திரைக்குக் கொண்டுவருவார். நிபுணர்களும் மற்ற டாக்டர்களும் அதை அலசுவார்கள். நம்மிடம் பெருகியது பெரும்பாலும் ஒருவர் பேசி ஐந்நூறு பேர் மியூட்டில் கேட்கும் வகை. கேள்வி கேட்க வேண்டியவர் அப்போது பெரும்பாலும் வார்டில் இருந்தார்.

எனக்குத் தெரிந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரின் போனில் இன்னும் அந்தக் காலத்துச் சான்றிதழ்கள் இருக்கின்றன, குட்மார்னிங் படங்களுக்கு நடுவே. பதிவைப் புதுப்பிக்க வேண்டி பிரவுசிங் சென்டரில் ஒவ்வொன்றாக பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தார். பதினோராவது தாளில் தன் பெயரைத் தப்பாக அச்சிட்டிருப்பதை அன்றுதான் பார்த்தார். கவச உடை கழற்றியதற்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்டேன். "அது ராத்திரி ரெண்டு மணிக்கு வராண்டால கத்துக்கிட்டது சார்" என்றபடி அடுத்த ஃபைலைத் திறந்தார்.